படம் பார்க்க வந்த ஐந்து குமார்கள்

இன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், போர்க்காலச் சண்டை ஒன்றைப் பற்றிய ஆவணப்படம் பார்க்கப் போனேன்.

வாசலில் ஒரு பிள்ளை கொப்பியை நீட்டினாள். பெயர், ஊர், போன் நம்பர் எழுத வேண்டுமாம்.

"ஏன் பிள்ளை உதெல்லாம்?"

"சும்மா ஒரு பதிவுக்குத்தான் அண்ணை."

சும்மா பதிந்ததெல்லாம் முன்பு எந்த இராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எங்களுக்குத் தெரியும். 'குமார்' என்று எழுதினேன். எனக்கு மேலே ஏற்கெனவே நான்கு குமார்கள்.

படம் முடிந்ததும் அவள் கொப்பியைப் பார்த்து மைக்கில் கூப்பிட்டாள்.

"சண்டை நடந்த ஊரிலையிருந்து குமார் எண்டு ஒரு அண்ணை வந்திருக்கிறார். வந்து கதையுங்கோ."

ஒருவரும் எழும்பவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர் கண்ணைத் துடைத்தபடி வெளியே போனார். பெயரைப் பொய்யாக எழுதியவருக்கு ஊரைப் பொய்யாக எழுத மனம் வரவில்லை.

குமார் அண்ணை, இதை வாசித்தால் இன்பொக்சுக்கு வாருங்கள். உண்மைப் பெயர் கேட்கமாட்டேன்.

இந்த முகநூலில் இருப்பதும் என் பெயரில்லை.