மேல் கதவு

இது நடந்தது. 1937, ஏறாவூரில். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். ஸகியா யாரிடமும் கெஞ்சியவள் அல்ல.

கணவர் சாலிஹ் மவுத்தானதும், விதவை முறைப்படி அவள் இத்தா இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள், வேற்று ஆண் கண்ணில் படாமல், சொந்த வீட்டுக்குள். வீடு அவளுடைய உம்மா சீதனமாகக் கொடுத்தது. அண்ணன் மஜீட்டுக்கு அதில் ஒரு கண். அவள் எப்போது வெளியேறுவாள், எப்போது வாடகைக்கு விடலாம் என்று காத்திருந்தார்.

அறை யன்னலுக்குக் கீழே ஆறு. தோணிக்காரர் போய்வருவார்கள். அதனால் யன்னலுக்கு உட்கதவு போட, தச்சு வேலை செய்யும் ஓடாவி சாமித்தம்பி வந்தார். ஸகியா சீலைத்திரைக்குப் பின்னால் தனியாக நின்று பேசினாள்.

"முழுக் கதவாப் போடுங்க ஓடாவியார்," என்றார் மஜீட்.

"இல்ல. ரெண்டு தட்டாப் போடுங்க. கீழ மூடி, மேல திறந்து. ஆள் தெரியாது, வெளிச்சம் வரும். மவுத்தானது அவர், காக்கா. நானில்ல," என்றாள் ஸகியா அண்ணனிடம்.

இரண்டு தட்டுத்தான் போட்டார்கள்.

கதவு போட்ட நான்காம் நாள். பகல் 12.10.

டக்...

மேல் கதவுகள் மூடிக் கிடந்தன. காற்றாக்கும் என்று வாங்குப் பலகையில் ஏறித் திறந்துவிட்டாள். மறுநாளும் அதே 12.10. இம்முறை கொக்கியும் மாட்டியிருந்தது. காற்று கொக்கி மாட்டுமா?

விஷயம் மஜீட் காதுக்குப் போனது. மனிதருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"பயமெண்டா என்ட ஊட்ட வா புள்ள."

"இது என்ட ஊடு. நான் எங்கயும் வரல்ல."

எட்டாம் நாள் 12.05க்கே வாங்கில் ஏறினாள். இரண்டு கதவுகளையும் கையால் இறுக்கிப் பிடித்தாள். பயந்தாள்தான். அதைவிடக் கோபம் வந்தது.

12.10.

கதவுகள் அசைந்தன...

தள்ளியது காற்றில்லை. அறைக்குள்ளிருந்து யாரோ.

பிடரியில் ஈர மூச்சு...

"தள்ளு," என்றாள். "நானும் பாக்கன்."

கை விண்விண் என்று வலித்தது. விடவில்லை.

12.14. தள்ளல் நின்றது. பின்னால் ஒரு விசும்பல்... பிறகு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு கதவு மூடவே இல்லை. மீதி இத்தாவை ஸகியா நல்ல வெளிச்சத்தில் இருந்து முடித்தாள். வீடும் கைவிட்டுப் போகவில்லை.

இத்தா முடிந்த அடுத்த வாரம் கீல் இறுக்க வந்த சாமித்தம்பி கேட்டார்: "மற்றப் புள்ள எங்க?"

"எந்தப் புள்ள?"

"அண்டைக்குத் திரைக்குப் பின்னால இன்னொரு சத்தம் கேட்டிச்சே. நீங்க போன பிறகு, மேல் கதவையும் மூடி வைக்கச் சொல்லி ஒரே அழுகை. அவன் மேலாலதான் எட்டிப் பாக்கானாம்."

ஸகியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கதவை மூடப் பார்த்தவள் ஒருத்தி. வெளியே இருந்து பார்ப்பவன் வேறொருவன். வெளியே நிற்க நிலமே இல்லை, ஆறுதான்.

"மூடிவிடட்டா?" என்றார் ஓடாவி.

ஸகியா மேலே நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம். ஆரெண்டு நானும் பாக்கணும்."