தங்கச்சியைப் படிப்பிக்கச் சொல்லி உம்மா நடந்த நடை

எங்கள் அன்பு உம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. மௌத்தானவர்களுக்கு நினைவு மலர் வெளியிடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இருந்ததில்லை. கத்தம் ஓதி, சோறு கொடுத்து, துஆச் செய்வதோடு முடிந்துவிடும். இம்முறை நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. ஜனாஸா வீட்டுக்கு வந்தவர்களில் பலர் உம்மாவைப் பொறுமைசாலி என்றார்கள். பெரிய பதவிகளில் இருப்பவர்களும் அதையே சொன்னார்கள். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் உம்மா பொறுமைசாலி அல்ல. பொறுமையாக இருக்கும்படி அவரிடம் சொன்னவர்கள்தான் பலர்.

உம்மா சாய்ந்தமருதில், கடற்கரைக்கு அண்மையில், ஒரு மீன் வியாபாரியின் மூத்த மகளாகப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தார் என்று உம்மாவின் தங்கையான சாச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். உம்மா தன் வாயால் அதைச் சொன்னதில்லை. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டார். சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையாக வந்த எங்கள் வாப்பா வயல் செய்தார். வேளாண்மை கைகொடுக்காத காலத்தில் உம்மா தையல் மெஷினில் அமர்ந்து குடும்பத்தைத் தாங்கினார். பெண்பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை என்றால் எங்கள் வீட்டில்தான் தைக்க வேண்டும் என்று ஊரில் பேர் இருந்தது. புது வகுப்புத் தொடங்குமுன், மார்கழி மாதம் முழுவதும் வீடு வெள்ளைத் துணியாகக் கிடக்கும்.

நானும் என் தங்கச்சி ஜெஸீமாவும் அவருடைய பிள்ளைகள். எனக்குப் படிப்பு சிரமமில்லாமல் வந்தது. இன்று நான் ஓர் ஆசிரியை. எனவே உம்மாவின் வாழ்க்கைக் கதை பெரும்பாலும் தங்கச்சியின் பள்ளிக்கூடக் கதைதான்.

எழுபதுகளின் கடைசியில் தங்கச்சி முதலாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. டீச்சர் கரும்பலகையின் பக்கம் திரும்பினால் யன்னலால் குதித்துவிடுவாள். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவாள், கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதிலைக் கத்துவாள். பெரும்பாலும் சரியான பதில். ஆனால் எழுத்து அவளுக்குப் பிடிபடவே இல்லை. நேற்று நூறு முறை எழுதிய ‘ப’ இன்று அவளுக்குப் புதியவரைப்போல் இருக்கும். எழுதினாலும் தலைகீழாகத் திருப்பி எழுதுவாள். அதே பிள்ளை ஓதப்பள்ளியில், குர்ஆன் படிப்பிக்கும் லெப்பை ஓதுவதைக் காதால் கேட்டே சூறாக்களை மனனமாக ஒப்புவித்தாள். கிதாபைத் திறந்து ஓதச் சொன்னால் அங்கும் விழித்தாள்.

ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். உம்மா அதையும் தட்டவில்லை. தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார், இசிம் எழுதித் தாயத்தாகக் கட்டினார். கழுத்தில் இசிம் தொங்கத் தொங்கப் பிள்ளை மதிலேறியது.

இரண்டாம் வகுப்பிலேயே அவளைத் திரும்பத் திரும்ப இருத்தினார்கள். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளின் நடுவே அவள் தனித்துத் தெரிந்தாள். ஒருநாள் நண்பகல் அவளை முற்றத்து வெயிலில் முழங்காலில் நிறுத்தியிருந்ததைக் கண்டுவிட்டு நான் ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். உம்மா மெஷினை விட்டெழுந்து, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே பள்ளிக்கூட அதிபரின் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

“சேர், இவள வெயில்ல நிப்பாட்டி என்ன பலன்? எழுதத்தான் ஏலா. வாயால கேளுங்க, சொல்லுவாள்” என்றார் உம்மா.

“சோதினைய வாயாலயா வைக்கிற? பொம்புளப் புள்ளதானே. ஊட்டுல வெச்சித் தையலப் பழக்குங்க. பொறுமையா இரிங்க, அல்லாஹ் ஒரு வழிய உடுவான்.”

“வழிய உட்டுத்தான் இரிக்கான் சேர். பள்ளிக்கூடம் எண்டு ஒண்டத் தந்திரிக்கான்.”

அதிபர் சிரித்தார். தங்கச்சியை வெயிலிலிருந்து எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

அதன்பின் உம்மா அவளை மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகளைப் பார்க்கும் வைத்தியர் ஒருவர் அவளோடு நெடுநேரம் கதைத்திருக்கிறார், கதை சொல்ல வைத்திருக்கிறார், படம் கீற வைத்திருக்கிறார். பிறகு உம்மாவிடம் சொன்னாராம்: “பிள்ளைக்குப் புத்தியில ஒரு குறையுமில்ல. ஒரு இடத்தில இருந்து கவனிக்கிறது இவக்குக் கஷ்டம். எழுத்தும் மற்றப் பிள்ளைகளுக்குப் பிடிபடுற மாதிரிப் பிடிபடாது. வேற விதமா, கொஞ்சம் கொஞ்சமாப் படிப்பிக்க வேணும். அடிச்சா இன்னும் கெட்டுப்போகும்.” ஆங்கிலத்தில் ஏதோ பெயரும் சொன்னாராம். அந்தப் பெயர் உம்மாவின் மனதில் நிற்கவில்லை. அடித்தால் கெட்டுப்போகும் என்பது நின்றது. அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த உம்மாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. பெருநாள் பிறை கண்டவர்போல் வந்தார். குறை பிள்ளையில் இல்லை என்று படித்த ஒருவர் சொல்லிவிட்டார், இனிப் பள்ளிக்கூடம் கேட்கும் என்று நம்பினார்.

அதிபர் கேட்டுவிட்டுச் சொன்னது இது: “டொக்டர் சொன்னா டொக்டரே படிப்பிக்கட்டும்.”

உம்மா கல்விக் கந்தோருக்குப் போனார். அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். போனார். வெளியில் போய்விட்டார் என்றார்கள். மறுபடியும் போனார். ஒருவாறு அதிகாரியைக் கண்டபோது நானும் உடனிருந்தேன்.

“இப்பிடியான புள்ளைகளுக்கெண்டு எங்கட பக்கத்துல ஒண்டுமில்ல. கொழும்புல இரிக்கும்” என்றார் அவர்.

“கொழும்புல எங்க சேர்?”

“விசாரிச்சிப் பாருங்க.”

யாரிடம் விசாரிப்பது என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாப்பா நல்லவர், உம்மாவைக் கடிந்து பேசாதவர். அவருக்கே அன்று அலுத்துவிட்டது. “உடுகா, அவள் படிச்சி அரசாங்கக் கச்சேரியிலயா வேல செய்யப்போறாள்?” என்றார். உம்மா போய் மெஷினை மிதித்தார். பல நாட்கள் வாப்பாவுடன் கதைக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மிஸ் வந்தார். பெரியநீலாவணை என்ற தமிழ் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். புது நியமனம், இளவயது. தங்கச்சியைத் தன் வகுப்பில் விடும்படி அவரே அதிபரிடம் கேட்டார். தொல்லை போகட்டும் என்று அதிபரும் விட்டுவிட்டார். மிஸ் அவளைக் கதவோரம் இருத்தினார். அவளுக்கு இருப்புக் கொள்ளாத நேரம் பார்த்து, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவா, மணி எத்தனை என்று பார்த்துவா என்று அனுப்புவார். கேள்விகளை வாயால் கேட்டார். பள்ளிக்கூடம் விட்டபின் சீமெந்து நிலத்தில் சோக்கால் பெரிதாக எழுத்துகளை எழுதி, அந்தக் கோட்டின் மேல் அவளை நடக்க விட்டார். ‘அ’வின் மேல் நடந்து, சுழியில் சுற்றி, சிரித்துக்கொண்டே தங்கச்சி எழுத்துப் படித்தாள்.

“இவ கெட்டிக்காரி ராத்தா. ஓட விட்டாத்தான் படிக்கிறா, ஓட விடுவம்” என்று மிஸ் உம்மாவிடம் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை உம்மாவோடு சந்தைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றபோது, வந்த பஸ்ஸின் பலகையைப் பார்த்துத் தங்கச்சி எழுத்துக்கூட்டினாள். “க… ல்… மு… னை. உம்மா, கல்முனை!” உம்மா அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து வாப்பாவை எழுப்பிச் சொன்னார். எங்கள் வீட்டில் நான் கண்ட நல்ல நாட்களில் அது ஒன்று.

எண்பத்தைந்தில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் கலவரம் வந்தது. நேற்றுவரை பஸ்ஸில் அருகருகே இருந்தவர்கள் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகப் பயந்தார்கள். பாதை திறந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது மிஸ் வரவில்லை. அவரைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை. உம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் தடுக்கத் தடுக்க, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பெரியநீலாவணைக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. மட்டக்களப்புக்குப் போய்விட்டார்கள் என்றார் அயலவர். பிறகு வெளிநாடு போனதாகக் கேள்வி. போன வழியெல்லாம் பலகைகளை வாசித்துக்கொண்டு போன தங்கச்சி, திரும்பி வரும்போது ஒன்றையும் வாசிக்கவில்லை என்று உம்மா சொன்னார்.

மிஸ் செய்ததை வேறொரு டீச்சர் செய்யட்டும் என்று உம்மா மீண்டும் அதிபரிடம் போனார். வகுப்பில் பிள்ளைகள் அதிகம், ஒரு பிள்ளைக்காகப் பாடம் நடத்த முடியாது என்றார்கள். தங்கச்சி பழையபடி யன்னலால் குதித்தாள், பழையபடி அடி வாங்கினாள். அடுத்த வருடம் அவளுடைய பெயரை வரவு இடாப்பிலிருந்து வெட்டிவிட்டார்கள். காரணம் கேட்ட உம்மாவிடம் அதிபர், “பள்ளிக்கூடத்துட சோதினைப் பெறுபேற நாங்க பாக்கணும்தானே” என்றார். உம்மா அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து, மெஷினில் பாதி தைத்தபடி கிடந்த வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து, உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து உம்மா பள்ளிக்கூடச் சட்டை தைக்கவில்லை. மார்கழியில் அதிபரின் மனைவி மகளுக்குத் துணியோடு வந்தார்.

“ஒங்கட கைவாகு ஒருத்தருக்கும் வராது ராத்தா” என்றார்.

“பெருநாச் சட்டை கொண்டாங்க, தைச்சித் தாறன். பள்ளிக்கூடச் சட்டை நான் தைக்கிறல்ல.”

“ஏன், கோவமா?”

“ஓம்” என்றார் உம்மா.

ஊரார் இதைத் திமிர் என்றார்கள். வருமானத்தில் பாதி போயிற்று. வாப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உம்மாவுக்கு மார்பில் கட்டி கண்டபோது காலம் பிந்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் யுத்தத்தால் ஊரடங்கு, ஊரடங்கு இல்லாத நாட்களில் வைத்தியர் இல்லை. படுக்கையில் விழுந்தபின் அவரைக் கழுவி, உடுத்தி, ஊட்டியது தங்கச்சிதான். மருந்துக் குளிசைப் போத்தல்களின் பெயர்களை அவள் மெல்ல எழுத்துக்கூட்டுவாள், பாதியில் நின்றுவிடும். நிறத்தைப் பார்த்து நேரம் தவறாமல் கொடுத்தாள். மிஸ் இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் அவள் அவற்றை வாசித்திருப்பாள். இதை நான் ஓர் ஆசிரியையாகச் சொல்கிறேன்.

சுகம் விசாரிக்க வந்த ஒருவர், தங்கச்சி அருகில் நிற்கும்போதே, “பாவம், படிப்பு ஏறாத புள்ள, ஒங்களுக்குப் புறகு என்ன செய்யும்?” என்றார். உம்மாவுக்கு அப்போது குரல் எழும்புவதே கஷ்டம். தலையைத் திருப்பிச் சொன்னார்: “ஏறல்ல எண்டு சொல்லாதங்க. படிப்பிக்கல்ல எண்டு சொல்லுங்க.”

ஒரு சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, தங்கச்சி யாஸீன் சூறாவை மனனமாக ஓதிக்கொண்டிருக்க, அவருடைய மூச்சு அடங்கியது. அல்லாஹ் எங்கள் உம்மாவின் கப்றை ஒளியாக்கி வைப்பானாக.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உம்மாவைக் குளிப்பாட்டிக் கபனிட்ட அயல்வீட்டுப் பெண்களுக்கும், சந்தூக்கைச் சுமந்தவர்களுக்கும், மூன்று நாளும் அடுப்பு மூட்டவிடாமல் சோறு அனுப்பிய சாச்சிமாருக்கும், நாங்கள் பெயர் கேட்டு வைக்காமல்விட்ட அந்த மட்டக்களப்பு வைத்தியருக்கும் எங்கள் நன்றி. மிஸ் எங்கிருந்தாலும் அவருக்கும் நன்றி. அவருக்கென இம்மலரின் ஒரு பிரதியை எடுத்து வைத்திருக்கிறோம். விலாசம் தெரிந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.

ஜனாஸா அன்று பந்தலுக்குக் கதிரைகளும் நீள வாங்குகளும் தேவைப்பட்டன. தங்கச்சி படித்த பாடசாலையிடம் கேட்டோம். அதிபர் அவர்களே முன்னின்று உடனே அனுப்பிவைத்தார். எங்கள் குடும்பம் கேட்ட ஒன்றை அந்தப் பாடசாலை மறுக்காமல் தந்தது அதுதான் முதல் தடவை. அதற்கும் எங்கள் நன்றி.

மூத்த மகள்