சவரியண்ணன் முட்டிக் கொடுத்த பந்து

"ஜெயிச்சிட்டோம்ண்ணே" என்றுதான் ஜோசப் முதலில் சொன்னான். காலாப்பட்டில் என் மைத்துனியின் கல்யாணம், பந்தி நடந்துகொண்டிருந்தது. பட்டணத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் பஞ்சாலைக் கால்பந்து அணியின் சென்டர் பார்வர்டு அவன். கையில் எங்கள் பயிற்சியாளர் சவரியண்ணனின் தொப்பி இருந்தது. ஜெயித்த சேதியைச் சொல்ல எவனும் அவ்வளவு தூரம் இன்னொருவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான். கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

புதுச்சேரியில் பந்தாட்டம் பார்த்தவர்களுக்குச் சவரிநாதன் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காத பாவிகளுக்காகச் சொல்கிறேன். சைகோனில் சம்பளத்துக்குப் பந்து ஆடியவர் அவர். இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கிய ஐம்பத்து நாலாம் வருஷம் கப்பலில் திரும்பி வந்தார். வந்த கையோடு எங்கள் பஞ்சாலை அவரை வளைத்துப் போட்டது. பேருக்கு நூற்புப் பிரிவில் வேலை. அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. சம்பளம் ஆட்டத்துக்குத்தான். நான் அந்த அணியின் கோல்கீப்பர். பயிற்சியில் அவர் அடித்த பந்துகளைத் தடுத்துத் தடுத்தே என் விரல்கள் கோணலாகிவிட்டன.

அவர் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் தலையால் போட்டவை. "காலுக்குக் குறுக்க ஆயிரம் காலு வரும்டா. தலைக்கு மேல ஆகாசந்தான்" என்பார். மழையில் ஊறிய தோல்பந்து எவ்வளவு கனக்கும் என்று முட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அவர் அதை ஆசையாக முட்டுவார். அந்தச் சத்தம் கோல் கம்பத்தடியில் நிற்கும் எனக்குக் கேட்கும். கூட்டம் கை தட்டும். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஐம்பத்தேழில், ஐப்பசி மழையில், கடலூர் அணியோடு ஆட்டம். ஒரே பந்துக்கு அவரும் எதிராளியும் எழும்பினார்கள். இரண்டு தலையும் மோதின. அண்ணன் கண் திறந்தபடியே சேற்றில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் சில நாள் இடது கண்ணுக்குப் பார்வையே இல்லை. அங்கிருந்த பெரிய டாக்டர் பூசி மெழுகவில்லை. "இனிமே இந்தத் தலையில பந்து படக் கூடாது. பட்டா எங்கிட்ட தூக்கிட்டு வராதீங்க, நேரா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார். அண்ணி பிலோமினா பக்கத்தில் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் உருட்டல் நின்றதை நான் பார்த்தேன்.

அவர் ஆடுவது அதோடு நின்றது, ஆலை அவரைக் கைவிடவில்லை. அணிக்குப் பயிற்சியாளர் ஆக்கியது. பையன்கள் அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மைதானத்தில் கால் வைத்தால் தலையில் தொப்பி இருக்க வேண்டும். தொப்பி போட்டவன் எப்படித் தலையால் முட்டுவான் என்பது அவர் கணக்கு. அண்ணனும் தட்டவில்லை. தொப்பியும் விசிலுமாகப் பிள்ளைச்சாவடி வரைக்கும் கடல்மணலில் எங்களை ஓட விட்டு, தான் சைக்கிளில் வந்தார். "பந்தைப் பாக்காத, அது வரப் போற எடத்தைப் பாரு" என்று கத்துவார். நல்ல பயிற்சியாளர். அந்த நல்லகாலம் ஒரு சீசன்தான் நீடித்தது.

அடுத்த சீசனில் புதுப்பந்து ஒன்று வந்தது. ஜோசப் அதை இரண்டு கையாலும் நீட்டி, "தொட்டுக் குடுங்க முசே, உங்க தலை ராசியான தலை" என்றான். அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி நெற்றியில் ஒற்றிக் கொடுத்தார். அன்று ஜெயித்தோம். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்து அவர் நெற்றிக்குப் போனது. எங்களில் சிலுவை போட்டுக்கொள்பவனும் உண்டு, விபூதி பூசுபவனும் உண்டு. ராசி விஷயத்தில் எல்லோரும் ஒரே மதம். பிறகு ஓர் ஆட்டம் தோற்றோம். எவனோ ஒரு மேதாவி, "ஒத்துனா பத்தல, முட்டணும்" என்று கண்டுபிடித்தான். முதலில் முழ உயரத்துக்குப் பந்தைத் தூக்கிப் போட்டார்கள். வருஷம் போகப் போக உயரம் ஏறிக்கொண்டே போனது. என்னை எறியச் சொன்னார்கள். செருப்பால் அடிப்பேன் என்றேன். ஜோசப் எறிந்தான்.

அண்ணி மைதானத்துக்கு வரும் பழக்கமில்லை. நான் போய்ச் சொன்னேன். அவர் அழுதார், சண்டை போட்டார், வாக்கு வாங்கினார். அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்தில் மறுபடி தொப்பியைக் கழற்றினார்.

ஒரு சாயங்காலம் அவரும் நானும் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். "கப்பல் எப்போ கெளம்புது?" என்று கேட்டார். கடலில் கப்பலே இல்லை. "எந்தக் கப்பல்ண்ணே?" என்றேன். "சைகோன் கப்பல்தான்" என்றார், வெகு சாதாரணமாக. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா உன்னைச் சீண்டிப் பாத்தேன்டா" என்று சிரித்தார். சிரிக்கும்போது இடது கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றே கேட்டேன். "டாக்டர் சொன்னது மறந்து போச்சா? இவனுங்க ராசிக்கு நீங்க சாவணுமா?"

அவர் கோபப்படவில்லை. "அவனுங்க நம்பறானுங்க. அதைப் புடுங்கிட்டு நான் வேற இன்னா குடுக்கறது?" என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, "இதை உங்க அண்ணிகிட்ட சொல்லாத. அந்த ஒரு முட்டுலதான்டா நான் ஆட்டக்காரன். மத்த நேரமெல்லாம் தொப்பி போட்டுக்கினு விசில் ஊதறவன்" என்றார்.

அப்போதும் அவர் மேல் ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும்போதும் வருகிறது.

இந்த வருஷம், அறுபத்திரண்டு. பிரான்சா இந்தியாவா, யார் எந்தக் குடியுரிமை எடுப்பது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. எங்கள் பையன்களுக்கு மதராஸ் அணியோடு ஆடப்போகும் ஆட்டம் ஒன்றுதான் பேச்சு. கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் அண்ணனிடம் போய், "நான் இல்லாத அன்னிக்கு மட்டுமாவது தொப்பியைக் கழட்டாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். "நீ போய் நல்லா சாப்புடு" என்றார்.

நடந்ததை ஜோசப் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். மதராஸ்காரர்களைப் பார்த்துப் பயந்து, எப்போதையும்விட உயரமாகப் பந்தை எறிந்திருக்கிறான். அண்ணன் எழும்பி முட்டினார். கூட்டம் கத்தியது. அவர் சிரித்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இடைவேளையில் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாவது பாதியில் ஒரு சத்தமும் போடவில்லை. ஆட்டம் திருப்தியாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து ஆடியிருக்கிறார்கள். கடைசியில் கோல் போட்டதும் அத்தனை பேரும் ஓடிப் போய் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். தொப்பி கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"எப்போ உசுரு போச்சுன்னே தெரியலண்ணே" என்றான் ஜோசப். அவன் முதுகு குலுங்கியதில் சைக்கிள் தடுமாறியது. அவனைத் திட்ட வேண்டும் என்று பல வருஷம் சொல் சேர்த்து வைத்திருந்தவன், அவனைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு நானே மிதித்தேன்.

மறுநாள் பெட்டியை மூடும் முன், பையன்கள் அந்தப் பந்தைத் துடைத்து எடுத்து வந்தார்கள். அண்ணனோடு வைத்து அனுப்ப ஆசை. பாதிரியார் சரியென்று தலையசைத்தார். அண்ணி எழுந்து வந்து பந்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"அங்கயும் வேணாம்ப்பா" என்றார். "அங்கயாச்சும் அந்தத் தலை சும்மா இருக்கட்டும்."

பந்து இல்லாமலே பெட்டியை மூடினார்கள்.

அண்ணன் விட்டுப்போன பயிற்சியாளர் பொறுப்பை ஆலை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறது. அவரோடு பழகிய உங்களுக்கெல்லாம் அவரிடமிருந்து ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். ஓர் உதை, ஒரு கிண்டல், சைகோன் கதை ஒன்று. எனக்கு மிஞ்சியது பயம். அவர் பந்தை முட்டும்போதெல்லாம் என்னைக் கண் மூட வைத்த அதே பயம். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன வாரம் என் பொறுப்பில் முதல் ஆட்டம். புதிதாகச் சேர்ந்த ஒருவன் பந்தை இரண்டு கையாலும் என் முகத்துக்கு நேராக நீட்டினான். ஜோசப் தலையைக் குனிந்துகொண்டான். நான் பந்தை வாங்கித் தரையில் வைத்து, காலால் ஓங்கி ஓர் உதை விட்டேன். அன்று நாங்கள் மோசமாகத் தோற்றோம். தோற்று, எல்லோரும் அவரவர் வீட்டுக்கு நடந்து போய்ச் சேர்ந்தோம்.