ஸ்டெல்லா மேடம் போட்ட கையெழுத்து

ஸ்டெல்லா மேடம் போய்விட்டார் என்று அவர் கணவர் போனில் சொன்னபோது, நான் மாற்றலாகி வந்த சிறுசேரி ஆபீஸ் வாசலில் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. "சரிங்க, சரிங்க" என்று சொல்லி வைத்தேன். எதற்குச் சரி என்றேனோ.

செங்கல்பட்டுத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய கண்ணாடி பாட்டில் பைத்தியம் தெரியும். பிளாஸ்டிக்கை வளைய வைக்கக் கலக்கும் ரசாயனம் கடலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்கும் வேலை. அந்தத் தண்ணீரைப் பிளாஸ்டிக்கிலேயே பிடித்தால் கணக்கு கெட்டுவிடும். அதனால் கண்ணாடி பாட்டில்களைச் சூளையில் சுடுவதுபோலச் சுட்டு, பழைய புடவையில் சுற்றி, மாமல்லபுரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். "இன்னாம்மா, காலி பாட்டிலுக்கு இம்மாம் பந்தோபஸ்து?" என்று ஒருமுறை கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. மேடமும் சிரித்தார், பிடியை மட்டும் விடவில்லை.

கடற்கரையில் யாரோ சாக்குப்பையோடு குப்பை பொறுக்குவதைப் பார்த்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "குப்பைய பொறுக்கிடலாம்ப்பா. அதுலேர்ந்து கரைஞ்சி போனத எந்தக் கையால பொறுக்குவ?"

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். பக்கத்தில் பழைய பிளாஸ்டிக்கைக் கழுவும் பட்டறை, அதன் கழிவுநீர் நேராகக் கடலுக்கு. குப்பத்தார் மனு கொடுத்தார்கள். கரையோரத் தண்ணீரை மேடம் பிடித்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஆழ்கடல் தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும். மேடத்துக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. அந்தக் குப்பத்து ஏழுமலை அண்ணன் படகில் நான் போனேன்.

அலையில் என் கண்ணாடி பாட்டில் உடைந்தது. ஏழுமலை அண்ணன் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. திரும்பிவந்து மறுபடி போகச் சோம்பல். வெயிலில் கிடந்த பழைய பிளாஸ்டிக் கேனில் தண்ணீரைப் பிடித்தேன். கரையேறியதும், அங்கே நான் வைத்துவிட்டுப் போயிருந்த வேறொரு கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பரிசோதனையில் ஆழ்கடல் தண்ணீரிலும் கரையோரத்தின் அளவுக்கே ரசாயனம் இருந்தது. "கடல் முழுக்க இப்படித்தான் இருக்கிறது, பட்டறை என்ன செய்யும்?" என்றது எதிர்த்தரப்பு. விசாரணை அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

மேடம் அந்த முடிவை நம்பவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். உளறிவிட்டேன். இரண்டு மாதத்தில் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது, அது அவருக்கும் தெரியும். அவரோ, தண்ணீர் பிடிக்கக் கொடுத்த பாட்டிலைச் சரியாகச் சுடவில்லை, தவறு தன்னுடையது என்று விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். நான் தடுத்தபோது, "ரிப்போர்ட்ல கையெழுத்து என்னுது. நீ போய் வேலையப் பாரு" என்றார். நான் போய் வேலையைப் பார்த்தேன். இதை எழுதவே கூசுகிறது.

மறுபரிசோதனை கேட்டார். அலட்சியமானவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். குப்பத்துக்கு அவரே போய், தன்னால்தான் கெட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு அவரை யாரும் கடலுக்கு அனுப்பவில்லை. கடைசிவரை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை இன்றும் ஓடுகிறது.

கல்லறைத் தோட்டத்துக்கு ஏழுமலை அண்ணன் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா தங்கம் சார். எங்க விசயத்துல ஒரு தபா சொதப்பிட்டாங்கோ, அம்மாந்தான். எங்களுக்கு மனசுல ஒண்ணும் கெடயாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். மண் போட்டுவிட்டு வந்தேன்.

மேடத்தின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இந்தச் சம்பளமும், நல்லவன் என்ற பெயரும் அவர் விட்டுக்கொடுத்தவை. ஏழுமலை அண்ணே, உங்கள் கடல் தண்ணீரைக் கெடுத்துப் பிடித்தவன் நான். நீங்கள் மன்னித்தது தப்பான ஆளை.