அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்

இது கதையில்லை. என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. பேயாவது பிசாசாவது என்று எல்லோரையும் கிண்டல் செய்தவள் நான். இன்று குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழிடுவதில்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. இருட்டு, நாய் ஊளை, கிணற்றடி எதுவும் இதில் கிடையாது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில்.

அக்காவுக்கு மருந்து கண்டுபிடிக்கும் வேலை. அதாவது, மாத்திரைக்குள் இருக்கப்போகும் பொருளை, உலகத்தில் அதுவரை இல்லாத ஒன்றை, படிப்படியாகச் செய்து எடுக்க வேண்டும். பத்துப் படி தாண்டினால் ஒரு சிட்டிகைத் தூள் கிடைக்கும். ஒன்பதாவதில் கை தவறிக் கொட்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. "இதுக்குப் பேசாம பாலைக் காய்ச்சிட்டு வீட்ல இருக்கலாம்" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே!

கூட வேலை செய்தவரை அந்த ஆய்வுக்கூடமே சித்தப்பா என்றுதான் கூப்பிடும். அக்கா நிஜமாகவே அவரைச் சித்தப்பாவாகத்தான் நினைத்திருந்தாள். மனுஷருக்கு வாய் ஓயாது. போனை மட்டும் அமாவாசைக்கு ஒரு தடவைதான் பார்ப்பார்.

கண்ணாடிக் கதவு வைத்த பெரிய அலமாரி, மேலே நச்சுக் காற்றை உறிஞ்சும் விசிறி. அதை ஹூட் என்பார்கள். அக்காவின் ஹூட்டும் சித்தப்பாவின் ஹூட்டும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவ்வப்போது ஒருவர் "இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். பதில் கேட்காமல் ஆபத்தான எதையும் தொடவே கூடாது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இரண்டு உயிரும் இருந்தன.

அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. சோதனை எலிகளுக்குப் புற்றுநோய்க் கட்டியைக் கரைத்த அவர்களுடைய பொருள் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் இன்னொரு சிட்டிகை வராவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து முடித்துவிடலாம் என்று இருவரும் பேசிவைத்தார்கள்.

சனிக்கிழமை அக்காவால் போக முடியவில்லை. என் மகனுக்குக் காய்ச்சல். நான் போனில் அழுத அழுகையில் என் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். "இன்னைக்கு வர முடியல சித்தப்பா, தனியாத் தொடங்கிடாதீங்க" என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள்.

ஞாயிறு மதியம் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். வெயில் கொளுத்தியது. போனை வெளியறைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெட்டி காலியாக இருந்தது. சித்தப்பா போனை வீட்டிலேயே மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தாள்.

கிர்ர்... கிர்ர்...

அந்தப் பக்கத்து ஹூட்டிலிருந்துதான். எண்ணெய் மாதிரி நிற்கும் பொருள் கட்டியாக வேண்டும் என்றால், ஃபிளாஸ்க் என்கிற கண்ணாடிக் குடுவையின் உள்பக்கத்தைக் கண்ணாடிக் குச்சியால் சுரண்டுவார்கள். அந்தச் சத்தம். அக்காவுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது.

"சித்தப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

குளிர்பெட்டியைத் திறந்தாள். ஒன்பதாவது படி முடிந்த ஃபிளாஸ்க் உள்ளே இருந்தது. சித்தப்பாவின் கோழிக்கிறுக்கலில் சனிக்கிழமைத் தேதி.

"தனியாவா செஞ்சீங்க? ரூல் எங்களுக்கு மட்டும்தானா?"

"இருக்கேன்."

நேற்று வராததற்குக் கோபம் போலிருக்கிறது. சரி, போகப் போகச் சரியாகிவிடுவார் என்று அக்கா வேலையைத் தொடங்கினாள்.

கடைசிப் படிக்கு ஒரு திரவம் வேண்டும். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். சிரிஞ்சில் இழுத்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வீட்டில் வாலாட்டும் தைரியமெல்லாம் அந்தப் பாட்டிலிடம் செல்லாது.

"பாட்டிலைத் திறக்கிறேன். இருக்கீங்கதானே?"

"இருக்கேன்."

திறந்தாள். இழுத்தாள். சொட்ட ஆரம்பித்தாள்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

அப்போதுதான் அவளுக்கு உறுத்தியது. சுரண்டல் நிற்கவே இல்லை. எந்தக் கையாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் வலிக்கும். மாற்றிப் பிடிப்பார்கள். இது நிற்கவில்லை. வேகம் கூடவில்லை. குறையவும் இல்லை.

இன்னொன்று. விசிறிச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. அது அவளுடைய ஹூட்டின் விசிறி. விசிறி போடாமல் சித்தப்பா ஹூட்டில் கை வைக்கவே மாட்டார்.

"சித்தப்பா... என்ன செஞ்சிட்டிருக்கீங்க?"

"இருக்கேன்."

அதே குரல். அதே இழுப்பு. முதலில் சொன்னதற்கும் இதற்கும் ஒரு இம்மி மாற்றமில்லை.

அக்கா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். சிரிஞ்ச் வழுக்கியது.

ஒரு சொட்டு. கையுறை மேல்.

குப்பென்று பற்றியது. செக்கச் சிவந்த நெருப்பு.

"சித்தப்பா! தீ! ஓடி வாங்க!"

"இருக்கேன்."

"கை எரியுது! ஐயோ, வாங்களேன்!"

கிர்ர்... கிர்ர்...

"இருக்கேன்."

மணல் வாளிக்குள் கையைத் திணித்தாள். நெருப்பு அணைந்தது. கையுறை தோலோடு ஒட்டியிருந்தது. வலியைவிட ஆத்திரம்தான் முன்னால் நின்றது. "மனுஷனா நீங்க!" என்று கத்திக்கொண்டே சுற்றிப் போனாள்.

சுரண்டல் நின்றது.

ஹூட்டின் கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. ஃபிளாஸ்க் இல்லை. குச்சி இல்லை.

ஆளும் இல்லை.

அப்போது பின்னால்... அவள் இப்போதுதான் விட்டுவந்த பக்கத்திலிருந்து...

"இருக்கேன்."

அது சித்தப்பாவின் குரல் இல்லை.

அவளுடைய குரல்.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. போனைக்கூட எடுக்கவில்லை. காவலாளிதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். கையில் கட்டுப் போட்டு வெளியே விட்டார்கள். நடைபாதை பெஞ்சில் சித்தப்பாவின் மனைவி உட்கார்ந்திருந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"நீயாவது வந்தியேம்மா. நேத்து ராத்திரிலேர்ந்து மூச்சுத் திணறல். நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சாம். கையை விரிச்சிட்டாங்க."

நேற்று ராத்திரியிலிருந்து அவர் அங்கேதான் இருந்திருக்கிறார்.

ஒன்பதாவது படிக்கு ஒரு வாயு தேவை. சுவாசித்த உடனே ஒன்றும் தெரியாது. புதிதாக வெட்டின புல் மாதிரி ஒரு வாசனை வரும், அவ்வளவுதான். சில மணி நேரம் கழித்துத்தான் ஆளைச் சாய்க்கும். வாசனை வந்த நொடியே வெளியே ஓட வேண்டும் என்பது அங்கே கூட்டிப் பெருக்க வருபவருக்கும் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியாதா? ஏன் ஓடவில்லை?

அக்கா உள்ளே போனாள். முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் அதைக் கையால் விலக்கினார்.

"வந்துட்டியா... எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?"

"என்ன சித்தப்பா?"

"ஃபிளாஸ்க்கைக் குளிர்பெட்டில வெச்சுட்டுத் திரும்பினேன், வாயுக் குழாய் கழண்டுச்சு. புல் வாசனை. ஓடு ஓடுன்னு கத்தினேன். நீ இருக்கேன், இருக்கேன்னே சொல்லிட்டிருந்தே. உன்னை விட்டுட்டு எப்படிம்மா ஓடுறது?"

மூச்சு வாங்கினார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பக்கம் வந்தேன். நீ இல்ல. என் பக்கம் உன் குரல் கேட்டுச்சு. அங்க ஓடினேன். மறுபடி உன் பக்கம்... எத்தனை சுத்து சுத்தினேனோ..." அவர் கண்ணில் நீர் வழிந்தது. "நீ எப்ப வெளிய போனே? உள்ள மாட்டிக்கலையே?"

சனிக்கிழமை முழுக்க அக்கா என் வீட்டில், என் மகனின் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தின் பக்கமே போகவில்லை. அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? எனக்குத் தெரிந்து அக்கா பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"நீங்க கத்தினதுமே ஓடிட்டேன் சித்தப்பா. எனக்கு ஒண்ணும் ஆகல."

"அப்பாடா" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை விடிவதற்குள் உயிர் போய்விட்டது.