பாசி கடிக்கிறது

பாசி கடிக்கிறது என்று அண்ணன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பத்து மாவுங் என்ற ஊர்க் கடலில் மிதக்கும் மீன் கூண்டுகளில் வலை கழுவுவதும் தீனி போடுவதும் அவர் வேலை. இரண்டு கைகளும் தடித்துச் சிவந்திருந்தன. "பாசி எங்கயாவது கடிக்குமாண்ணே?" என்றேன். கடல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் என்ற திமிர் எனக்கு.

மறுநாள் ஒரு துண்டு வலையைப் பையில் போட்டுக் கொடுத்தார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். அது பாசியே இல்லை, விலங்கு. ஹைட்ராய்டு. நூல் போன்ற தண்டுகளில் குருணையைவிடச் சின்ன உயிர்கள் கூட்டமாக ஒட்டியிருந்தன. சிலவற்றுக்கு வாய் உண்டு. இரையைக் கொட்டிப் பிடித்துத் தின்னும். சிலவற்றுக்கு வாயே கிடையாது. இனம் பெருக்குவதோடு சரி. உள்ளே எல்லோருக்கும் ஒரே குழாய். ஒன்று தின்றால் மற்றதற்கும் போய்ச் சேரும். பிய்த்துப் போட்டால் துண்டுகள் போய் ஒட்டி மறுபடி வளரும்.

அண்ணன் வேலை செய்த பண்ணையிலோ வலையைக் கடலிலேயே வைத்து மெஷினால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். சிதறும் துண்டுகள் மீனின் செவுளைக் கொட்டும். "வலையக் கரைக்கு ஏத்தி வெயில்ல காயப்போடச் சொல்லுண்ணே" என்று அனுப்பியது நான்தான். அவரும் போய்ச் சொன்னார். பண்ணை முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் கொடுவா மீன்கள் செத்து மிதந்தன. தீனி சரியாகப் போடவில்லை என்று பழியை அண்ணன் தலையில் கட்டி, வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். அப்படிப்பட்ட மனுஷன்.

சில மாதம் கழித்து அதே முதலாளி வலைத் துண்டோடு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நான் யார் தங்கை என்று அவருக்குத் தெரியாது. சோதித்து அறிக்கை எழுதினேன்: வலையைக் கரையேற்றிக் காயவைக்கவும். படித்துவிட்டு, இத்தனை நாளும் இதை ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று மலாயில் வருத்தப்பட்டார். என் மேலதிகாரி பக்கத்திலேயே நின்றிருந்தார். என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அண்ணன் இப்போது ஜுரு என்ற ஊரில் கார் கழுவுகிறார். அந்த ஞாயிறு சாப்பிட வந்தவரிடம், அறிக்கை எழுதியதைச் சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னேன்னு அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே."

சோற்றைப் பிசைந்தார்.

"சரிலா. உனக்கும் வேலை வேணும்ல" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.