காற்றுக்குக் கட்டிய சாறன்

பதுளைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணவரும் மகளும் கல்முனையில். ஊருக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கை ஓய்ந்த பிறகு, ஒருவழியாகப் பதுளையில் நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை. பிந்தினால் அடுத்த வருடம்தான்.

பள்ளி லீவுக்குக் கல்முனைக்கு வந்திருந்த நான், பஸ்ஸில் போகிறேன் என்றேன். கேட்டால்தானே! வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாக, இவர் அப்போதுதான் சூப்பர் சார்ஜர் பூட்டிய சின்ன ஜப்பான் வான் ஒன்றை வாங்கியிருந்தார். அது வந்த நாள் முதல் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இவரும், நெல் வெட்டும் மிசின் ஓட்டுகிற என் தம்பியும் ஸீற்றைத் தூக்கிவைத்து, கீழேயிருந்த என்ஜினைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தே நானும் பாதி மெக்கானிக் ஆனேன். விஷயம் இவ்வளவுதான். என்ஜின் தானாக இழுக்கிற காற்று ஏற்றத்துக்குப் போதாது. சூப்பர் சார்ஜர் மேலதிகக் காற்றை உள்ளே தள்ளும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட எரியும், இழுவை கூடும். எங்கள் வானில் இருந்தது உருளை வகை. ஒரு பெட்டிக்குள் எட்டு வடிவத்தில் இரண்டு உருளைகள், ஒன்றையொன்று தொடாமல் சுழன்று காற்றை அள்ளித் தள்ளும். திருகு வகையில் இரண்டு திருகுகள் பின்னிச் சுழன்று பெட்டிக்குள்ளேயே காற்றை நெருக்கிவிடும். இன்னொன்று விசிறி வகை. என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். இவற்றையெல்லாம் சுற்றுவது என்ஜினின் பெல்ட். டேர்போ என்கிற வகையை மட்டும் வெளியேறுகிற புகை சுற்றும். இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போதும். அவர்களுக்கு ஒரு கிழமைச் சண்டை.

"உருளைதான் மலைக்குத் தோது. மிதிச்ச உடன இழுக்கும்" என்பார் இவர்.

"திருகுதான் திறம் மச்சான். காத்து அவ்வளவு சூடாகாது" என்பான் தம்பி.

"ஏர் ஃபில்டரைப் பாத்தீங்களா?" என்று ஞாயிறு பின்னேரம் கேட்டேன்.

"ஓம் ராத்தா, அதெல்லாம் செஞ்சாச்சி" என்றான் தம்பி.

திங்கள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு மூவரும் புறப்பட்டோம். மொனராகலை தாண்டிப் பசறை ஏற்றத்தில் வான் மூச்சு முட்டியது. பிறகு ஒரு கீச்சல், ரப்பர் கருகும் மணம். நின்றுவிட்டது. ஸீற்றைத் தூக்கினால் பெல்ட் புகைந்துகொண்டிருந்தது. தம்பி காற்றுக் குழாயைக் கழற்றினான். நான் குனிந்து பார்த்தேன். உருளைகளுக்கு நடுவே, பெருநாளுக்கு இடுப்பில் உடுக்க மருதமுனையில் இவருக்கு நான் வாங்கிக்கொடுத்த நீலக்கட்டம் போட்ட கைத்தறிச் சாறன், துண்டு துண்டாக.

"ஃபில்டர் அடைச்சிப்போய்க் கிடந்திச்சி ராத்தா. கடையும் பூட்டு. அதான் கழட்டிப்போட்டு காத்துக் குழாய் வாயில இதைக் கட்டின. சாகாமத்து வயல்ல மிசினுக்கும் பதர் போகாம இப்பிடித்தானே துணி கட்டுற."

"அங்க துணிக்குப் பின்னால கம்பி வலை இரிக்கிடா! இங்க என்ன இரிக்கி?"

வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். ஒரு கிழமை காற்றைப் பற்றி வாய் கிழியப் பேசிய இரண்டு பேருக்கும் காற்று போகிற வழியைப் பார்க்க நேரமில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நேர்முக அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வருஷம் பாப்பம் டீச்சர்."

வானை லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு இருவரும் பின்னேரம் பதுளைக்கு வந்து சேர்ந்தார்கள். கராஜ் வாசலில் நிற்கும்போது கல்முனையிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"உம்மா, கிடைச்சிட்டா? இனி நம்மட ஊட்டதானா?"

பதில் சொல்ல வாயெடுக்கிறேன், பின்னால் தம்பியின் குரல்.

"திருகு வகையெண்டா துணி சிக்கியிராது மச்சான்."

"விசர்க் கதை கதைக்காத. அதிலதான் இன்னும் மோசமா சிக்கும்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்று கத்தினேன்.

"யாருக்கு உம்மா ஏசுறீங்க?"

"ஒருத்தருக்கும் இல்ல மகள். உம்மா அடுத்த வருஷம் வாறன்."